தவணைப் பொதி: ஏழாம் பக்கம் வரை நன்று

தவணையின் கடைசி நாளில் பிள்ளையின் பையில் வரும் துண்டுக் கடிதங்களில் பாதி தண்ணீர்ப் போத்தலில் நனைந்துவிடும். மிச்சம் அடுத்த தவணைக்குப் பை கழுவும்போதுதான் வெளியே வரும். மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே வாவியோரமாக இருக்கும் ஓர் இடைநிலைப் பாடசாலை இம்முறை அந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்து, கபில நிற உறை ஒன்றில் ஒரே பொதியாகக் கொடுத்திருக்கிறது. பாடசாலையின் பெயர் இங்கே தேவையில்லை. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வேறொரு பாடசாலை இதைப் பார்த்துச் செய்ய நினைத்தால் எதை எடுக்கலாம், எதைத் திருத்த வேண்டும் என்பதுதான் நமக்குக் கேள்வி. இந்தப் பொதியை நம்பி ஒரு தாயோ தகப்பனோ பாடத்தெரிவுப் படிவத்தில் கையெழுத்து வைக்கலாமா என்பதும்.

உள்ளே இரண்டு பொருட்கள். ஒன்று, தேர்ச்சி அறிக்கை. மற்றது தவணை மடல் என்ற பன்னிரண்டு பக்கச் சிறு புத்தகம்: ஏ4 தாள் மூன்றை நடுவே மடித்து இரண்டு பின் அடித்தது. முதல் ஏழு பக்கங்கள் தவணைச் செய்தி. எட்டிலிருந்து பதினொன்று வரை தரம் 10க்கும் தரம் 12க்குமான பாடமாற்ற விளக்கம். பன்னிரண்டாம் பக்கம் வெட்டிக் கொடுக்கும் படிவம். இங்கேயே முதல் தவறு நடந்திருக்கிறது. படிவத்தை வெட்டினால் அதன் பின்பக்கத்தில் இருக்கும் பதினோராம் பக்கமும் கூடவே போய்விடும். உயர்தரத்துக்கான (தரம் 12, 13) நிபந்தனைகளில் பாதி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெட்டுவதற்கு முன் அதை ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படியொரு புத்தகம் அச்சடிப்பவர்கள் படிவத்தைத் தனித்தாளாகச் செருகினால் இந்த வில்லங்கம் வராது.

செய்திப் பக்கங்கள் நன்றாக வந்திருக்கின்றன. விளையாட்டு, கலைவிழா, பழைய மாணவர் சங்கம் திருத்திக் கொடுத்த மலசலகூடம் என்று வழக்கமானவை இருந்தாலும், ஆளுக்கு ஆள் நன்றி சொல்லும் அரைப்பக்கங்கள் இல்லை. நாட்காட்டியில் விடுமுறை தொடங்கும் நாள், பாடசாலை திறக்கும் நாள், பெற்றோர் கூட்டம், படிவம் திருப்பிக் கொடுக்கும் கடைசித் திகதி ஆகிய நான்கும் ஒரே கட்டத்துக்குள் இருக்கின்றன. தமிழ்ப் பாடசாலைக்கும் முஸ்லிம் பாடசாலைக்கும் விடுமுறைத் திகதிகள் வேறுபடுகிற நம் மாவட்டங்களில், "பிற பாடசாலைகளின் திகதியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்" என்ற ஒற்றை வரியை அதன் கீழே போட்டிருப்பது அனுபவம் உள்ள கை எழுதியது.

ஐந்தாம் பக்கத்துக்குத் தனியாகப் பாராட்டு. மழைக்காலத்தில் பாடசாலை மூடினால் யார் அறிவிப்பார், எந்தக் குழுவில் அறிவிப்பார், விட்டுப்போன பாடவேளைகள் எந்தச் சனிக்கிழமைகளில் ஈடுசெய்யப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். வடகீழ்ப் பருவமழை கார்த்திகை, மார்கழியில் நம் பக்கம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சை தொடங்கி இரண்டே நாளில் வெள்ளத்தால் நிறுத்தப்பட்டு டிசம்பரில் தொடர்ந்தது. 2025இல் டித்வா புயலோடு மறுபடியும் நின்று, மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. அடுத்தடுத்து இரண்டு வருடம் இப்படி நடந்த பிறகும் மழைத்திட்டம் இல்லாத தவணை மடலை அச்சடிக்கும் பாடசாலைகள் உண்டு. அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் உறைக்குள் போட்டு வீட்டின் உயரமான இடத்தில் வைக்கச் சொல்லியிருப்பது சின்ன விசயம்தான், ஆனால் தேவையானது.

அடையாள அட்டை பற்றிய குறிப்பும் சரி. பதினைந்து வயது நிரம்பினால் விண்ணப்பிக்கலாம். பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் ஊடாகவே விண்ணப்பம் போகும். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரின் எழுத்துக்கூட்டலும் பாடசாலை இடாப்பில் உள்ள எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இருக்க வேண்டும். படம் பதிவுபெற்ற ஸ்ரூடியோவில் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை இணையவழி அனுப்பிவிட்டுத் தரும் பற்றுச்சீட்டைத்தான் விண்ணப்பத்தோடு இணைப்பது. இடாப்பில் "ஷ"வும் சான்றிதழில் "ச"வுமாகக் கிடக்கும் பெயர்கள்தான் கடைசி மாதத்தில் தலையிடி தருபவை. இதைத் தரம் 10 தொடங்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று மடல் சொல்கிறது. நல்ல ஆலோசனை.

இனித் தேர்ச்சி அறிக்கை. பாடம், புள்ளி, வகுப்புச் சராசரி, அதிகூடிய புள்ளி, வகுப்பில் நிலை, வரவு நாட்கள் என்று ஆறு நிரல்கள். பழைய அட்டையில் புள்ளியும் நிலையும் மட்டும்தான் இருந்தன என்பதால் இது முன்னேற்றம். ஆனால் வீட்டில் எல்லோர் கண்ணும் போவது நிலைக்குத்தான். "எத்தனையாம் பிள்ளை?" என்ற கேள்வியோடு அறிக்கை மூடப்பட்டுவிடும். பாடம் தெரிவதற்கு நிலை ஒரு உதவியும் செய்யாது.

ஒரு அறிக்கையை இப்படிப் பாருங்கள். கணிதம் 48, சராசரி 37, அதிகூடியது 81. வரலாறு 71, சராசரி 74, அதிகூடியது 93. மேலோட்டமாகப் பார்த்தால் பிள்ளை வரலாற்றில் கெட்டி, கணிதத்தில் பலவீனம். வகுப்போடு ஒப்பிட்டால் கதை தலைகீழ்: கணிதத்தில் சராசரிக்கு 11 மேலே, வரலாற்றில் 3 கீழே. வரலாற்று வினாத்தாள் இலகு, கணித வினாத்தாள் கடினம் என்பதுதான் அந்த 71க்கும் 48க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தின் பெரும்பகுதி.

இன்னொரு படி உள்ளே போகலாம். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள்கள். முதலாவதில் 25 குறுவினாக்களுக்கு 50 புள்ளி, 5 கட்டமைப்பு வினாக்களுக்கு 50 புள்ளி. இரண்டாவதில் 12 வினாக்களில் 10க்கு விடை, வினாவுக்குப் பத்துப் புள்ளி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இறுதிப் புள்ளி. தவணைப் பரீட்சையும் இதே அமைப்பில்தான் நடக்கிறது. 48 என்பது 66உம் 30உமாக இருக்கலாம். 49உம் 47உமாகவும் இருக்கலாம். முதலாவது பிள்ளைக்கு அடிப்படை தெரியும், நீண்ட வினாவில் படிமுறை எழுதப் பழக்கமில்லை, அல்லது நேரம் போதவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு எல்லா அலகிலும் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டை. ரியூசன் வகுப்புக்கு அனுப்ப முன் இந்தப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். விடைத்தாள் திருத்திய ஆசிரியரிடம் அது இருக்கும். அறிக்கையில் அதற்கு இரண்டு சிறு கட்டங்கள் விட்டிருந்தால் ஒரு மைச் செலவும் கூடியிருக்காது.

சராசரியில் ஒரு பொறியும் உண்டு. வகுப்பில் 40 பேர், நான்கு பேர் பரீட்சைக்கு வரவில்லை, மொத்தப் புள்ளி 1480 என்று வைப்போம். வராதவர்களைப் பூச்சியமாக எடுத்தால் சராசரி 37. எழுதிய 36 பேருக்கு மட்டும் கணக்கிட்டால் 41. எதை எடுத்தார்கள் என்று அறிக்கையில் இல்லை. எக்செல் தாளில் வராதவர்களுக்கு 0 என்று அடித்தால் அது தன்பாட்டில் கணக்கில் சேரும், "வ.இ." என்று எழுத்தில் அடித்தால் சேராது. வகுப்புக்கு வகுப்பு ஆசிரியர்கள் வெவ்வேறு விதமாக அடித்திருந்தால் 10Aயையும் 10Bயையும் ஒப்பிடவே முடியாது. அதிபர் ஒரு வரி அறிவுறுத்தல் கொடுத்தால் தீரும்.

எட்டாம் பக்கத்தில் ஆட்டம் காணத் தொடங்குகிறது. தலைப்பு "புதிய கல்விச் சீர்திருத்தமும் எமது பாடசாலையும்". முழுப்பக்கமும் மாற்றம், நவீனம், எதிர்காலம் என்று பொழிந்து தள்ளியிருக்கிறார்கள். வாசித்து முடிக்கும் பெற்றோர், தரம் 10க்குப் போகும் தன் பிள்ளைக்குப் புதிய பாடத்திட்டம் என்றே நினைப்பார். அறிவிக்கப்பட்ட நிலை இதுதான்: புதிய பாடத்திட்டம் 2026இல் தரம் 1க்கு ஆரம்பித்தது, அதே வருடம் தொடங்கவிருந்த தரம் 6 அடுத்த வருடத்துக்கு, 2027க்கு ஒத்திவைக்கப்பட்டது. மேல்வகுப்புப் பிள்ளைகள் சுற்றறிக்கை வரும்வரை இப்போதுள்ள பாடத்திட்டத்தில்தான் படிப்பார்கள். ஆகவே அண்ணன், அக்காவின் பாடநூல்களையும் கடந்தகால வினாத்தாள் கட்டுகளையும் பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். பக்கம் எட்டில் இதை மூன்று வரியில் சொல்லியிருக்கலாம்.

ஒன்பதாம் பக்கம் தரம் 10. ஆறு கட்டாயப் பாடங்கள்: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. அதற்கு மேல் மூன்று தொகுதிகளில் ஒவ்வொன்று, மொத்தம் ஒன்பது. அட்டவணை தெளிவாக இருக்கிறது. எதற்கு எத்தனை இடம், யார் கற்பிக்கிறார், மேலதிகச் செலவு என்ன என்று போட்டிருப்பது அரிதாகக் காணும் நேர்மை. சித்திரத்துக்கு வர்ணமும் தூரிகையும், மனைப் பொருளியலுக்குச் செயன்முறைப் பொருட்கள், நடனத்துக்கு உடை என்று சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் முதலாம் தொகுதிக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு: "உயர்தரத்தில் வர்த்தகம் கற்க விரும்புவோர் வணிகக் கல்வியும் கணக்கீடும் தெரிய வேண்டும்." அப்படி ஒரு கட்டாயம் இல்லை. சாதாரண தரத்தில் புவியியலோ குடியியலோ எடுத்த பிள்ளையும் வர்த்தகப் பிரிவுக்குப் போகலாம், போகிறார்கள். முன்னரே எடுத்திருந்தால் முதல் தவணையில் இரட்டைப் பதிவும் பேரேடும் புதிதாக இராது, அவ்வளவுதான். இந்த ஒரு வரியால் வணிகக் கல்வி வகுப்பு நிரம்பி வழியும், குடியியல் ஆசிரியர் ஒன்பது பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்.

உண்மையில் தொடர்ச்சி தேவைப்படுவது அழகியல் பாடங்கள் உள்ள இரண்டாம் தொகுதிக்கு. பரதநாட்டியத்தையும் கர்நாடக சங்கீதத்தையும் உயர்தரத்தில் வந்து புதிதாகத் தொடங்குவது நடக்கிற காரியமில்லை. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கும் மாவட்டத்தில், அந்தப் பாதையில் போக விரும்பும் பிள்ளைக்கு இந்தத் தெரிவுதான் அடித்தளம். அதைப் பற்றி ஒன்பதாம் பக்கம் பேசவில்லை. நடனம், சங்கீதம், நாடகம் எடுப்பவர்களுக்கு எழுத்துப் பரீட்சைக்குப் புறம்பாகச் செயன்முறைப் பரீட்சையும் உண்டு என்பதும் விடுபட்டுள்ளது. மேடைக்கு வர மறுக்கும் பிள்ளையைச் சனமெல்லாம் எடுக்கிறது என்று நாடகத்தில் சேர்த்துவிட்டால் அங்கே மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தமிழ் இலக்கிய நயம் அதே தொகுதியில் இருக்கிறது. வாசிக்கிற பழக்கம் இருந்தால் போதும், செலவும் இல்லை. ஆனாலும் அதைத் தெரிபவர்கள் சொற்பம்.

மூன்றாம் தொகுதியில் எல்லோரும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியலுக்கு முண்டியடிப்பார்கள். மடலின்படி 35 இடம், இயங்கும் கணினி 20. இரண்டு பிள்ளைக்கு ஒரு கணினி என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் விசைப்பலகை எப்போதும் ஒரு பிள்ளையின் கையில்தான் இருக்கும். 35க்கு மேல் விண்ணப்பம் வந்தால் எதை வைத்துத் தெரிவார்கள்? கணிதப் புள்ளியா, மொத்தப் புள்ளியா, முதலில் படிவம் கொடுத்தவரா? எழுதவில்லை. பெற்றோர் கூட்டத்தில் சத்தம் வரப்போவது இந்த இடத்தில்தான். விவசாயமும் உணவுத் தொழில்நுட்பவியலும், நீருயிரின வளத் தொழில்நுட்பவியல் இரண்டும் வாவிக்கும் வயலுக்கும் நடுவே இருக்கிற நமக்குக் கண்முன்னே கிடக்கும் பாடங்கள். மடலில் அவை அட்டவணையின் கடைசி இரு வரிகள்.

பத்தாம், பதினோராம் பக்கங்கள் உயர்தரம். இந்தப் பொதியின் பெரிய செய்தியும் பெரிய குறையும் இங்கேதான். செய்தி, பாடசாலையில் தொழில்நுட்பப் பிரிவு ஆரம்பிக்கிறார்கள் என்பது. குறை, அதை விளக்கிய விதம்.

முதலில் தகுதி. ஆறு பாடங்களில் சித்தி (S), அவற்றுள் தாய்மொழியும் கணிதமும் அடங்க வேண்டும், மூன்று பாடங்களில் திறமைச் சித்தி (C). இது பொது நிபந்தனை. மடல் "கணிதத்தில் C கட்டாயம்" என்று எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து அடித்துவிட்டது. பொதுத் தகுதிக்குக் கணிதத்தில் S போதும். பிரிவுக்குப் பிரிவு மேலதிக நிபந்தனை இருக்கிறது. பாடசாலையும் இடத்தைப் பார்த்துத் தன் வெட்டுப்புள்ளியை வைக்கும். எது சுற்றறிக்கை, எது பாடசாலை வைத்தது என்று பிரித்து எழுதாவிட்டால் கலைப்பிரிவுக்குப் போக வேண்டிய பிள்ளை வீட்டில் நிற்கும்.

தொழில்நுட்பப் பிரிவு நாட்டில் 2013இல் தொடங்கி, 2015இல் முதல் பரீட்சை நடந்தது. பொறியியல் தொழில்நுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல், அதோடு தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானம், மூன்றாவதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியல், புவியியல், பொருளியல், கணக்கீடு, ஆங்கிலம் போன்றவற்றில் ஒன்று. மடலில் எழுதியிருப்பது: "பொறியியலாளராக வர விரும்பும், கணிதம் கடினமாக உள்ள மாணவர்களுக்கு ஏற்றது." ஒரே வரியில் இரண்டு பிழை.

பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். தொழில்நுட்பப் பிரிவிலிருந்து போவது தொழில்நுட்பப் பட்டங்களுக்கு. அதுவும் பட்டம்தான், வேலையும் உண்டு, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே தொழில்நுட்ப பீடம் இருக்கிறது. ஆனால் அது வேறு கதவு. பதின்மூன்றாம் தரத்தில் வந்து இதைத் தெரிந்துகொள்ளும் பிள்ளையின் முகம் நல்லாயிராது.

கணிதம் வராதவர்களுக்குப் புகலிடம் என்பதும் தவறு. தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானத்தில் கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் கலந்து வரும். சமன்பாட்டை மாற்றி எழுதத் தெரியாமலும் வரைபிலிருந்து படித்திறன் எடுக்கத் தெரியாமலும் வரும் பிள்ளை இந்தப் பாடத்தில்தான் விழும். பொறியியல் தொழில்நுட்பவியல் பக்கம் குடிசார், மின், இலத்திரனியல், இயந்திரம் எல்லாம் உள்ளன. செயன்முறைப் பரீட்சையும் உண்டு. ஆகவே பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டியது "நல்ல பிரிவா?" என்று அல்ல. ஆசிரியர் நியமனம் ஆகிவிட்டதா, அல்லது விஞ்ஞான ஆசிரியர் ஒருவரே மேலதிகமாகப் பார்க்கப்போகிறாரா? பல்மானி, வேணியர் இடுக்கிமானி, பற்றாசுக் கோல் எத்தனை பிள்ளைக்கு ஒன்று? ஆய்வுகூடத்துக்கு மூன்று கட்ட மின் இணைப்பு வந்துவிட்டதா? முதன்முதலாகச் சேரும் பிள்ளைகள்தான் எப்போதும் பரிசோதனை எலிகள். இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் சேர்க்கலாம்.

விஞ்ஞானப் பிரிவுகளுக்குக் கொடுத்திருக்கும் சேர்க்கைப் பட்டியல் சரியானது, ஆனால் ஊமை. இணைந்த கணிதத்தோடும் பௌதிகவியலோடும் இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியல் எடுக்கலாம் என்கிறது. எடுத்தால் பொறியியல் பீடம் மூடிவிடும் என்று சொல்லவில்லை. உயிரியல், இரசாயனவியலோடு பௌதிகவியலுக்குப் பதில் விவசாய விஞ்ஞானம் எடுக்கலாம் என்கிறது. எடுத்தால் மருத்துவம் இல்லை, விவசாய பீடம் உண்டு என்று சொல்லவில்லை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் பக்கத்தில் "திறக்கும்", "மூடும்" என்று இரண்டு நிரல் போட்டிருந்தால் இந்தப் புத்தகத்துக்கு வேறு விளக்கமே தேவைப்பட்டிராது.

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி பற்றி ஒரு பந்தி. "இலகுவான பாடங்களைத் தெரிந்து கூடிய புள்ளி பெறலாம்" என்று அதில் இருக்கிறது. இசட் புள்ளி அப்படி வேலை செய்வதில்லை. ஒரு பாடத்தில் பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துச் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால்) வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் வருவதைக் கூட்டி மூன்றால் வகுத்தால் இறுதி இசட். உதாரணத்துக்கு, சராசரி 60, விலகல் 10 உள்ள பாடத்தில் 70 எடுத்தால் 1.0. சராசரி 40, விலகல் 16 உள்ள பாடத்தில் 60 எடுத்தால் 1.25. எல்லோருக்கும் இலகுவான பாடம் எல்லோரையும் சேர்த்தே உயர்த்தும். அதில் முன்னுக்கு நிற்பது கஷ்டம். தன் பிள்ளை மற்றவர்களைவிட எதில் மேலே நிற்கிறது என்று பார்ப்பதற்குத்தான் மேலே சொன்ன சராசரி நிரல். தேர்ச்சி அறிக்கையையும் பதினோராம் பக்கத்தையும் ஒரே ஆள் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்று தெரிகிறது.

அதே பக்கத்தில் வெட்டுப்புள்ளி அட்டவணை ஒன்றும் இருக்கிறது. மாவட்டம் குறிப்பிடாத வெட்டுப்புள்ளி ஒன்றுக்கும் உதவாது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு அனுமதி 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று போகிறது. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கின்றன. ஆகவே கொழும்பின் இலக்கத்தைப் பார்த்து நம் பிள்ளை மனம் விடவும் வேண்டாம், மட்டக்களப்பு இலக்கத்தை அம்பாறை மாவட்டத்துக் கல்முனைப் பிள்ளைக்குச் சொல்லவும் வேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் விடும் தமிழ்க் கைநூலில் மாவட்ட வாரியாக இருக்கிறது. அதில் நம் இரு மாவட்ட வரிகளை மட்டும் எடுத்து அச்சடித்திருந்தால் அரைப்பக்கம்.

மூன்று பாடத்தோடு விசயம் முடிந்தது போல மடல் நின்றுவிடுகிறது. உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி இல்லாவிட்டால் மூன்று A இருந்தும் பல்கலைக்கழகம் இல்லை. பொது ஆங்கிலம் இசட் புள்ளியில் சேராது, ஆனால் பெறுபேற்றில் தெரியும். தரம் 12இல் பொதுத் தகவல் தொழில்நுட்பப் பரீட்சையும் இருக்கிறது. நேரசூசியில் இவற்றுக்குப் பாடவேளை ஒதுக்கியிருக்கிறார்களா, அல்லது அந்த நேரத்தில் இரசாயனம் நடக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் சிரிப்பாகத்தான் வரும்.

13 வருட உத்தரவாதக் கல்விக்கு இரண்டு வரி, அதுவும் "சித்தியடையத் தவறியோர்" என்ற தலைப்பின் கீழ். 2017இல் தொடங்கிய இந்தத் தொழிற்றுறைப் பிரிவுக்குச் சாதாரண தரப் பெறுபேறு தடையில்லை; முடித்தால் தேசிய தொழிற்றகைமை மட்டம் 4. விருந்தோம்பல், அலுமினிய வேலை, சுகாதாரப் பராமரிப்பு என்று பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் ஆள் தேடும் துறைகள் அதில் உள்ளன. எல்லாப் பாடசாலையிலும் இந்தப் பிரிவு இல்லை. இருக்கும் பக்கத்துப் பாடசாலை எது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு எழுதியிருக்க வேண்டும். தோற்றவர்களின் மூலை மாதிரி எழுதினால் யார் பிள்ளையை அனுப்புவார்?

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். தரம் 12 செயன்முறை வகுப்புகள் பிற்பகல் மூன்றரை வரை என்று போட்டிருக்கிறார்கள். வாவியின் கிழக்கே எழுவான்கரையில் இருக்கும் பிள்ளைக்கு அது பிரச்சினையில்லை. மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளைக்குக் கடைசி பஸ்ஸும், குறுமண்வெளியால் மண்டூருக்குப் போகிற பிள்ளைக்குப் பாதையின் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகின்) நேரமும் கணக்கில் வர வேண்டும். மழை நாளில் பாதை நின்றால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றித்தான் போக வேண்டும். செயன்முறைகளைக் காலையில் இரட்டைப் பாடவேளையாக வைத்து, மொழிப் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளினாலே பாதிச் சிக்கல் தீரும்.

வட்சப்பில் வந்த பிரதி பற்றிக் கொஞ்சம். பாமினி எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பை அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். பிறகு யாரோ பக்கங்களைப் படம் பிடித்துப் போட்டார். வட்சப் சுருக்கியதில் அட்டவணை இலக்கங்கள் கலங்கிவிட்டன. 3 எது, 8 எது என்று தெரியவில்லை. யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புவதுதான் வழி. பாமினியை விட முடியாதென்றால் பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளே பதித்தாலும் போதும்.

கடைசியாகப் படிவம். முதல், இரண்டாம், மூன்றாம் விருப்பம் என்று மூன்று கோடுகள், பெற்றோர் கையெழுத்து, திகதி. கீழே தடித்த எழுத்தில் "கொடுக்கப்பட்ட தெரிவு பின்னர் மாற்றப்படமாட்டாது". தரம் 10க்கு இது நியாயம். ஆசிரியரையும் பாடநூலையும் அதை வைத்துத்தான் ஒதுக்குவார்கள். தரம் 12க்கு இதே வரி பொருந்தாது. அண்மைய வருடங்களில் சாதாரண தரப் பெறுபேறு வரும் முன்பே உயர்தர வகுப்புகள் தொடங்குகின்றன. அந்தத் தெரிவு தற்காலிகமானது. விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்த பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் S வந்துவிட்டால் பிரிவு மாற வேண்டி வரலாம். இரண்டுக்கும் ஒரே படிவத்தை அடித்ததால் வந்த கோளாறு இது.

உயர்தரப் பிள்ளையின் படிவத்தில் கையெழுத்துக்கு மேலே "பெறுபேறு கிடைக்கும்வரை தற்காலிகமானது" என்று கையால் எழுதி, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அலுவலகத்தில் திகதி முத்திரை வாங்குங்கள். இரண்டாம் விருப்பத்தை வெறுமையாக விடாதீர்கள். வெறுமையாக விட்ட படிவங்கள்தான் இடம் மிஞ்சிய வகுப்புக்குப் போகும். தரம் 10 பெற்றோர் கணிதத்தின் இரண்டு வினாத்தாள் புள்ளிகளையும் படிவத்தின் பின்பக்கத்தில் குறித்துக் கொண்டுபோனால் வகுப்பாசிரியரோடு பேச அது போதும். பகுதித் தலைவர் கூட்டத்தன்று பதினொரு மணிக்குப் பிறகுதான் ஓய்வாக இருப்பார் என்று மடலின் ஏழாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.